ஓவர்லாக்கில் ஒரு சிலுவை

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே பனியன் கம்பெனி முதலாளி கந்தப்பனிடம் சொல்லிவிட்டேன். "நாங்க வேதக்காரங்க. எம் மெஷினுக்குப் பொட்டு வைக்காதீங்க."

பூஜைப் பொரியைத் தின்னலாமா என்ற கேள்விக்கே எங்கள் சபையின் இரண்டு பாஸ்டர்களும் ஆளுக்கொரு வசனம் காட்டுகிறார்கள். இதில் பொட்டு வேறா?

பூஜைக்கு நான் போகவில்லை. மறுநாள் காலை வேலைக்கு வந்தால், நான் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் சந்தனத்தால் பெரிய சிலுவை. அதன் நடுவில் குங்குமம்.

"உங்க சாமிய மட்டும் உட்டுப்போடலாமுங்களா கண்ணு? நானே போட்டேன்," என்றார் கந்தப்பன் பெருமையாக.

எரிச்சலோடு கழிவுத்துணியை எடுத்தேன். குங்குமத்தைத் துடைத்தால் சிலுவையும் அழியும். சிலுவையைத் துடைக்கலாமா? எந்த பாஸ்டரைக் கேட்பது?

மற்ற மெஷின்களெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. நான் மட்டும் என் மெஷின் முன்னால் அசையாமல் நின்றேன், கும்பிட வந்தவளைப் போல.