திராட்சை வாசனை

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று கேட்டால், சத்தியம் பண்ணத் துணியமாட்டேன். சின்னவள் இறந்தது மழையிலா வெயிலிலா என்பதே குழப்பம். ஆனால் வாசனையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒன்றுபோல்தான் சொன்னார்கள்: கனிந்த திராட்சை.

தீக்காயத்தோடு கிடந்த சின்னவளின் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அது அறை முழுக்க எழும். துணியில் பச்சை படிந்திருக்கும். அவளுடைய அக்கா அதே ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். கூடத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. புண்ணைப் பஞ்சால் தொட்டு எடுத்து, அதிலிருந்த பாக்டீரியாவை வளர்த்து, தங்கையைக் கொண்டுபோகப் போவது எது என்று முதலில் பார்த்தவள் அவள்தான். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பொடிக் குச்சிகள், நுனியில் இருந்த கண்ணுக்கெட்டாத வாலைச் சுழற்றி, குறுக்கும் நெடுக்குமாக நீந்தின.

தங்கை போன பிறகும் அவள் அதைக் கொட்டவில்லை. சத்துக்கூழ் ஊற்றிய குழாயில் வளர்த்து, மாதா மாதம் கம்பி நுனியால் கொஞ்சம் தொட்டுப் புதுக் குழாய்க்கு மாற்றினாள்.

"ஃப்ரீசர்ல போட்டு வைம்மா. எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்," என்றார் பெரிய டாக்டர்.

"உறைய வெச்சா பொணமாட்டம் கெடக்கும் சார். இது உயிரோட இருக்கட்டும்."

"குட்டி போட்ட பூனையாட்டம் குழாயைத் தூக்கிட்டு அலையிறே. எனக்கென்ன!"

ஆளில்லாத நேரத்தில் அவள் குழாயின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். தங்கையின் சதை கரைந்து, இரையாக இதன் சவ்வைத் தாண்டி உள்ளே போனது. அங்கே சுவராக, வாலாக ஆனது. ஒன்று இரண்டாகப் பிரிந்தால் பழையது எங்கே போகிறது? பிணமே விழுவதில்லை. அப்படியானால் இதற்குள் இன்னும் அவள் ஏதோ ஓர் ஓரத்தில் இருக்கிறாள். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் நடைவழியில் திராட்சை மணக்கும்.

வருஷங்கள் போயின. சின்னவளின் மகள் வளர்ந்து, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் வந்து நின்றாள்.

"பெரியம்மா, அம்மாகிட்ட இருந்தது இன்னும் உங்ககிட்ட இருக்காமே? அப்பா சொன்னாரு."

"இருக்கு. எதுக்குடி?"

"அம்மா குரல் ஞாபகமில்ல. முகமும் போட்டோல பாத்ததுதான். அந்த வாசனையாவது ஒரு தடவை... சிரிக்காதீங்க."

அவள் சிரிக்கவில்லை. குழாயின் மூடியைத் திறந்து, எட்ட நின்று நுகரச் சொன்னாள்.

"ஒண்ணும் வரலியே."

"நல்லா பாரு. குப்புன்னு அடிக்குது."

"இல்ல பெரியம்மா. சத்தியமா இல்ல. பச்சையா இருக்கும்னும் அப்பா சொன்னாரு. இது வெள்ளை வெளேர்னு இருக்கே?"

அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினாள். குச்சிகள் இருந்தன. ஆனால் தண்ணீரின் உதறலில் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட நீந்தவில்லை.

குழாய்க்குள் எங்கு திரும்பினாலும் சோறு. எதிரி கிடையாது, தேடிப் போக இடமும் கிடையாது. வாலும் பச்சையும் வாசனையும் அங்கே வீண்செலவு. அவற்றை விட்டவை வேகமாகப் பெருகின. பெருகியவற்றையே அவள் மாதா மாதம் கம்பியில் தொட்டு எடுத்திருக்கிறாள். உறைய வைத்திருந்தால் எதையும் விட்டிருக்காது.

"நானேதான் இதை வேற ஆளா மாத்திட்டேன்," என்றாள்.

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி மணக்குது?"

அவள் குழாயை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு முறை நுகர்ந்துவிட்டு மூடினாள்.

அன்று மாலையே குழாய், கிருமிகளைக் கொல்லும் ஆட்டோக்ளேவின் நீராவியில் வெந்தது. பெரிய டாக்டர் ஓய்வுபெற்று, காது மந்தமாகி, மகன் வீட்டில் இருக்கிறார். சின்னவளின் கணவர் மறுமணம் செய்யாமலே போய்ச் சேர்ந்தார். மகளுக்கு இரண்டு பிள்ளைகள். பூதக்கண்ணாடி வேலையை விட்டுத் தனியாக இருக்கிறாள். அடைமழையிலும் அவள் வீட்டு ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன; உள்ளே இன்னும் திராட்சை மணக்கிறதாம்.