ஹெலிகொப்டர் இரண்டாம் தடவை வந்தபோது

பிலிப் தீவின் வூலமாய் முனைக் குன்றில் ஏறத் தொடங்கியபோது மழை இல்லை, காற்றுத்தான். 2013 ஜூன் மாதத்துக் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. குடியிருந்த டார்னெய்ட்டிலிருந்து நேசமலர்தான் காரை ஓட்டி வந்திருந்தாள். இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு ஆறு மாதமான கிருபானந்தன், உயரத்தில் நின்று கடல் பார்க்க வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"இருபத்திரண்டு நாள் படகில இருந்து பாத்தனீ. இன்னும் ஆசை தீரேல்லையோ?"

"அப்ப கடல்தான் எங்களைப் பாத்தது, அண்ணி."

அவள் சிரித்துவிட்டாள். நான்கு வருடத்துக்கு முன் வன்னிப் போரில், ஷெல்லடியில் அவளுடைய கணவன் போனான். அவன் வீட்டில் மிஞ்சியது இந்தத் தம்பி ஒருவன்தான்.

உச்சியை அடையுமுன் வானம் இருண்டு, மழை பக்கவாட்டில் அடித்தது. ஒதுங்க இடம் பார்க்கிறேன் என்று கிருபன் பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கினான். கடற்பறவைகள் தோண்டிய வளைகள் அந்தச் சரிவு முழுக்க இருந்தன. ஒன்றுக்குள் கால் முழங்கால்வரை போனது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

தோளில் தாங்கிப் பத்தடி நடத்தினாள். அதற்குமேல் முடியவில்லை. அவன் உதடு நீலம் பாரித்தது.

"பொலிசுக்கு மட்டும் அடிக்காதேங்கோ. விசாவில கை வைப்பாங்கள்."

"வாயை மூடு," என்று சொல்லி அவள் அவசர எண்ணை அழுத்தினாள். ஹெலிகொப்டர் அனுப்புகிறோம், வெட்டவெளியில் தெரியும்படி இருங்கள் என்றார்கள்.

அரை மணி நேரத்தில் மழை சற்று ஓய, முகிலுக்குக் கீழே, வன்னியில் கேட்ட அதே இரைச்சல் கேட்டது. அதன் பிறகு நடந்ததை நேசமலர் யோசித்துச் செய்யவில்லை. கிருபனின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் பற்றைக்குள் தள்ளினாள். அவனுடைய மஞ்சள் மழை அங்கியைக் கழற்றிச் சுருட்டி வயிற்றுக்குக் கீழே வைத்து, அவன்மேல் குப்புறப் படுத்தாள். அவனும் தலையைக் கைகளால் பொத்திக்கொண்டான். இரைச்சல் இரண்டு தடவை வட்டமடித்துக் கடல் பக்கம் தேய்ந்தது.

"போட்டுது," என்றாள்.

அவன் நடுங்கியபடி அவளைப் பார்த்தான். "அண்ணி, அது எங்களைத் தேடி வந்ததல்லோ?"

அவள் அவசர எண்ணைத் திரும்ப அழுத்தப் பார்த்தாள். ஃபோனில் தண்ணீர் புகுந்து திரை செத்திருந்தது. அவனுடைய நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. அது நல்லதுக்கல்ல என்று வன்னியில் காயப்பட்டவர்களிடம் கண்டவள் அவள். அங்கியை அவனுக்குத் திரும்பப் போர்த்திவிட்டு, நித்திரை கொள்ளாதே, நித்திரை கொள்ளாதே என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இரைச்சல் திரும்பவும் வந்தது.

"எழும்பு," என்று தன்னைத்தானே அதட்டினாள். தவழ்ந்து பற்றையை விட்டு வெளியே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நின்றாள். சுழன்ற காற்று தலைமயிரைப் பிய்த்தது. ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் நின்றாள்.

கயிற்றில் இறங்கிய மனிதன் கிருபனின் காலைப் பார்த்துவிட்டு, அவளிடம் இரண்டு முறை ஏதோ சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை.

"அண்ணி," என்றான் கிருபன், மெதுவாக. "கையைக் கீழ விடட்டாம்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தாள்.