நிர்வாகி றுக்கியா

முந்தலில் மர்ஸூக்கின் மீன்வலைக் கடைக்கு, கொஞ்சக் காலமாக, மத்தியான ளுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். அந்த நேரம் மர்ஸூக் பள்ளியில் நிற்பார்; கதிரையில் மனைவி றுக்கியா இருப்பாள். விலை கேட்டால் கம்பியூட்டரைப் பார்த்து, நேரே கடைசி விலையையே சொல்லிவிடுவாள்.

தொழுதுவிட்டு வருகிறவருக்கு மிஞ்சுவது, வாங்கினவர்கள் குடித்துவிட்டுப் போன வெறும் பிளேன்டீக் கோப்பைதான். இலாபத்தில் குறைவில்லை. ஆனால் பேரம் பேசாமல் வலை விற்பது அவருக்குக் கல்யாண வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் கை கழுவுவது போல.

"வெயில்ல வந்த மனுசனை ஏன் வதைக்கணும்?" என்பாள் றுக்கியா.

"அவன் அதுக்குத்தானே வாறான்! தபால் கந்தோரில முத்திரை விக்கிற மாதிரி வலை விக்கேலுமா?"

கடைசி விலையை அவள் கண்ணில் படாமல் பூட்டிவிடுவது என்று முடிவெடுத்து, புத்தளத்திலிருந்து ஃபஸ்லான் என்ற கம்பியூட்டர்காரரைக் கூப்பிட்டார். ஃபஸ்லான் நாலு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"மர்ஸூக் நானா, இதைப் பூட்ட உங்களுக்கு அனுமதி இல்ல. நிர்வாகி உள்ளே வரணும்."

"கடை என்ட பேரில. நான்தான் நிர்வாகி."

"கடைக்கு நீங்க. டேட்டாபேஸுக்கு அதைச் செஞ்ச றுக்கியா ராத்தா."

உள்ளேயிருந்து றுக்கியா வந்தாள். "இதுக்கா இவ்வளவு கதை? முழு அனுமதியும் உங்களுக்கே தாறேன். இப்பவே எடுங்க."

மர்ஸூக் பயந்துவிட்டார். கேட்ட உடனே முழுசாகக் கிடைக்கிற சரக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கும்.

"முழுசு எனக்கெதுக்கு? பாதி போதும்."

"பாதியெண்டா பார்க்கலாம், மாத்தலாம். பூட்டேலா."

"மாத்துறதை ஏன் இவ்வளவு லேசாத் தாறாய்? அதையும் நீயே வெச்சுக்கொள்."

"அப்ப பார்க்க மட்டும்."

"ஆ! அதுதான் சரி. பேச்சு முடிஞ்சுது!"

ஃபஸ்லான் தலையில் கைவைத்தார். "நானா, நீங்க வாங்க வந்த சாமானையே வேணாமெண்டுட்டீங்களே!"

அது மர்ஸூக்குக்கு விளங்கிய நேரம் பாங்கு கேட்டது. தொங்கின முகத்தோடு அவர் பள்ளிக்கு நடப்பதை றுக்கியா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"தம்பி, தொழுகை நேரம் கடையில குந்தியிருக்கிற ஆளுக்குக் கம்பியூட்டர்ல தனிப்பேர் ஒண்டு போடுங்க. அந்தப் பேருக்குக் கடைசி விலை தெரியவேணாம். அவருக்கு மட்டும் தெரியட்டும்."

"குந்தியிருக்கிற ஆள் நீங்கதானே, ராத்தா?"

"ஓம். எனக்குத்தான் பூட்டு."

ஃபஸ்லான் போன கையோடு பள்ளிவாசல்துறை மீனவர் இன்னாசித்தம்பி வந்தார். "தங்கச்சி, இந்த வலை கடைசி என்ன?"

றுக்கியா திரையைத் திருப்பிக் காட்டினாள். "எனக்குக் காட்டுதில்ல அண்ணே. அவர் வாறார், இருங்க."

"ஐயோ மாதாவே, அந்த மனுசனோடயா!"

திரும்பி வந்த மர்ஸூக், கடையில் காத்திருக்கும் ஆளைக் கண்டதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு நடந்தது பஸ் நிலையம் வரைக்கும் கேட்டது. இன்னாசித்தம்பி கோபித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மர்ஸூக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். வலையின் கண்ணை விரித்து, ஒருவருடைய குடும்பத்தை மற்றவர் நலம் விசாரித்து, மறுபடியும் சண்டை. கடைசியில் சந்தோசம் தலைக்கேறி, மர்ஸூக் கடைசி விலைக்கும் கீழே இறங்கி 'சரி' சொல்லிவிட்டார்.

பில் போடப் போனால் கம்பியூட்டர் மறுத்தது: விலையை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை.

"றுக்கியா," என்றார் மெதுவாக, "கொஞ்சம் அனுமதி தாவேன்."

றுக்கியா எதிரே சாய்ந்து உட்கார்ந்தாள். "கொஞ்சமெண்டா, எவ்வளவு?"

இன்னாசித்தம்பி வலையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு பிளேன்டீ கேட்டார்.