பொதுக்களத்து ஏணிப்பந்தல்

தம்பி பொதுக்களத்தில் மரம் இறக்கிய அன்றே சென்னியப்பனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பாகம் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் பொதுவென்று விட்டது, நெல் காயப்போடும் அந்தக் களம் ஒன்றைத்தான். அதில் ஒருத்தன் கால் நட்டுவிட்டால் நாளைக்குக் கூரை போடுவான், நாளை மறுநாள் சுவர் வைப்பான்.

"இதென்ன சபரி, பந்தலா?"

"இல்லீங்ணா. நம்ம தனப்பிரியா மிலிட்டரி செலக்‌ஷனுக்குப் போறாளுங்க. ஏறவும் தொங்கவும் பழகோணுமாமா. செல்போன்ல பாத்து நானே செய்யறனுங்க."

தம்பி மகள் பழகுவதற்கு இரண்டு பக்கமும் ஏணி, மேலே தொங்கிக்கொண்டே கடக்கக் குறுக்குக் கம்புகள், ஓரத்தில் ஏறிக் குதிக்க ஆளுயரப் பலகை. எல்லாம் சரி, கால் நட்ட குழி எங்கே?

"குழியே இல்லீங்ணா. அடியில சட்டம் போட்டு போல்ட் முடுக்கியிருக்குது. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான். நாலு பேரு புடிச்சாத் தூக்கி வெச்சரலாம்."

குழி தோண்டியிருந்தால் இரண்டு கத்துக் கத்திவிட்டு ஓய்ந்திருப்பார். தோண்டாததுதான் உறுத்தியது. தூக்கி வைக்கலாம் என்றால் தள்ளியும் வைக்கலாமே! தினம் ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டு வந்தால் யார் கேட்பது? அடிச்சட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். அவர் மனைவி வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால் சட்டம் கோட்டைத் தாண்டி அவர் வீட்டுப் பக்கம் வந்திருந்தது. தம்பியோ முந்தின நாளே குடும்பத்தோடு சேந்தமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். அப்படியென்றால் ஆள் வைத்தல்லவா நகர்த்துகிறான்! கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, மறுநாள் விடிகிற நேரத்தில் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

வந்தது அவர் மகள் மதுமதி. மிலிட்டரியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அவர் போட்ட சத்தத்தில் ஆசையை விட்டுவிட்டாள் என்று நம்பியிருந்தார். அவளோ ஏணியில் சரசரவென்று ஏறி, கம்பில் தொங்கி, உடம்பை வீசி வீசி அடுத்தடுத்த கம்பைப் பிடித்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் அடிச்சட்டம் ஒரு பக்கம் எழும்பி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

நகர்த்தின ஆள் இவள்தானா! கோபம் வருவதற்குள் பயம் வந்துவிட்டது. அடுத்த வீச்சில் சட்டம் ஒரு சாண் எழும்பியது. சாய்ந்தால் மொத்த மரமும் பிள்ளை மேல்தான். ஓடிப் போய்ச் சட்டத்தின் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தார்.

குனிந்து பார்த்த மதுமதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாங்கப்பா! நான் எறங்கிக்கறேன், கவுத்துப்போடாதீங்கப்பா!"

தாங்கிப் பிடிச்சிருக்கேன் சாமி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பெற்ற பிள்ளையின் கண்ணில் தன் மேலிருந்த பயத்தைப் பார்த்ததும், அதை விழுங்கிவிட்டு ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.