இருபதாம் தேதி வருபவன்

இங்கிலாந்திலிருந்து என் தம்பி கலியமூர்த்திக்கு வந்த இரண்டாவது கடிதத்தில்தான் குஞ்சிதபாதம் என்ற பெயரை முதலில் பார்த்தோம். முதல் கடிதம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைச் சொன்னது. இரண்டாவதில், 'எங்களிடம் படித்த உங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், புறப்படும் முன் அவருக்கு எழுதிப் பாருங்கள்' என்று ஒரு முகவரி கொடுத்திருந்தார்கள். சிதம்பரத்துக்காரர். படிப்பு முடித்து அங்கேயே ஒரு டைல்ஸ் ஆலையில் வேலையில் இருந்தார். இது 1972 தை மாதம்.

தம்பி விருத்தாசலத்தில் பீங்கான் படிப்பு முடித்து, இங்கேயே இன்சுலேட்டர் செய்யும் ஆலை ஒன்றில் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவான். ஆனால் அவன் எழுதியதை மறுநாள் அவனாலேயே படிக்க முடியாது. நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அதனால் எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவது எப்போதும் என் வேலை. அவன் சொல்வான், நான் எழுதுவேன், கீழே அவன் பெயரையும் நானே போடுவேன்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குன்னு போடுக்கா."

"போட்டாச்சி. அப்புறம்?"

"அங்க தயிர் கெடைக்குதான்னு கேளு."

"படிக்கப் போறவன் மொதல்ல தயிரையா கேப்பான்?"

"சூளை எங்க போனாலும் சூளைதாங்க்கா. தயிரு அப்படி இல்ல."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீல நிற ஏர் லெட்டர், மூன்று மடிப்பிலும் இடம் விடாமல் எழுதியிருந்தார். 'தயிர் கடையில் கிடைப்பதில்லை, பால் கிடைக்கும், உறைக்கு மோர் நான் தருகிறேன். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் தண்ணீர் இருந்ததா? எனக்குத் தமிழில் கடிதம் போடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை, அவசியம் பதில் எழுது.' கடைசியில், 'உன் கையெழுத்தைப் பார்த்தாலே நீ நிதானமான பையன் என்று தெரிகிறது' என்று முடித்திருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் தம்பி பாயில் உருண்டு சிரித்தான்.

"இவனா நிதானம்?" என்றாள் அம்மா. "சோத்துக்குக் குந்துனா தட்டு பறக்குது."

சித்திரைக்குள் ஆறு கடிதங்கள் போய் வந்துவிட்டன. எந்தப் பேராசிரியர் முன்கோபி, எந்த வீட்டுக்காரி அறையில் சமைக்க விடுவாள், புளியை எப்படிக் கட்டி எடுத்து வருவது என்று அவர் எழுத எழுத, நாங்கள் யாரும் பார்த்தேயிராத அந்த ஊர் எங்களுக்குப் பழகிப்போனது. செப்டம்பர் இருபதாம் தேதி போய் இறங்குவது என்று தம்பி முடிவு செய்து, காலண்டரில் அந்தக் கட்டத்தைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டான்.

மே மாதம் அவன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள். அவனுக்கு இருபத்தாறு வயது.

பல்கலைக்கழகத்துக்கு ஆலை மேனேஜர் எழுதினார். குஞ்சிதபாதத்துக்கு எழுத வேண்டியவள் நான்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் கடிதம் வந்தது. வழக்கம்போல 'சிரஞ்சீவி கலியமூர்த்திக்கு' என்று தொடங்கியிருந்தார். 'பனிக்கு ஏற்ற பூட்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. உன் கால் அளவு என்ன?'

நடந்ததைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். வாசலில் அவன் செருப்பு அப்படியே கிடந்தது. அளவு எட்டு. எட்டு என்று எழுதினேன். அதன் பின் கை நிற்கவில்லை. ஆலையில் வேலை அதிகம், வெயில் கடுமை, அம்மா சுகம். கீழே அவன் பெயரைப் போட்டேன். எழுத்து எப்போதும் என்னுடையதுதானே, அவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

அது தப்பென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லோரும் அவனை முடிந்துபோனவனாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். துக்கம் கேட்டு வருகிறவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் 'நீ வந்ததும்' 'நீ வந்ததும்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். ஆடியில், எந்தத் தேதி வருகிறாய் என்று கேட்டார். காலண்டரைப் பார்த்து இருபது என்று எழுதினேன்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி கடைசிக் கடிதம் வந்தது. 'லீவு சொல்லிவிட்டேன். முந்தின ராத்திரியே ரயில் ஏறி லண்டன் வந்து, கோட்டும் கையுமாக விமான நிலையத்தில் நிற்பேன். உன் முகம் தெரியாதே, ஒரு போட்டோ அனுப்பு.'

எங்களிடம் இருந்தது ஒரே போட்டோ. பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். முக்காலி போட்டு ஏறி மாலையைக் கழற்றினேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கத்து ஆணியை நெம்பும்போது அம்மா உள்ளே வந்தாள்.

"என்னாடி பண்ற?"

"போட்டோ கேக்கறாரும்மா."

"யாரு?"

"குஞ்சிதபாதம்."

"அவருக்கு இன்னும் சொல்லலியா நீ?"

நான் ஆணியை நெம்பினேன்.

"அடிப் பாவி, அந்த மனுஷன் வந்து நிப்பாரே! யாரு யாரோ எறங்கி வருவாங்க, ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு நிப்பாரே!"

படத்தை என் கையிலிருந்து வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவளே முக்காலியில் ஏறி மாட்டினாள்.

கடிதம் இனி இருபதுக்குள் போய்ச் சேராது; போட்டோவும் சேர்ந்திருக்காது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு முன் தபாலாபீசுக்குப் போனேன். தந்தி வாங்கும் ஜன்னலில் கோதண்டபாணி இருந்தார். 'கலியமூர்த்தி நாட் கமிங்' என்று பாரத்தில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தள்ளினார்.

"நாட் கமிங்னு மட்டும் போட்டா, அடுத்த வாரம் வருவாருன்னு நெனச்சிக்குவாங்க டீச்சர்."

"வேற என்னாங்க போடறது?"

"'எக்ஸ்பையர்ட்'னு போடறதுதாங்க வழக்கம்." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். பிறகு, "நாலு மாசமா நீங்க ஏர் லெட்டர் வாங்கிக்கினு போறதப் பாத்துக்கினுதான் இருக்கேன். கேக்க மனசு வரல" என்றார்.

பேனாவை வாங்கி அந்த வார்த்தையைச் சேர்த்தேன். மே மாதம் என்றும் போட்டேன். என் பெயரை எழுதி, பக்கத்தில் சிஸ்டர் என்று எழுதினேன். அந்த மனிதருக்கு நான் எழுதியதில் என் பெயர் இருந்தது அதில்தான்.

அனுப்புமுன் தந்தியை ஒரு முறை படித்துக் காட்டிச் சரிபார்ப்பது அவர் வழக்கம். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார். அன்றைக்கு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி படித்தார்.

"சரிங்களா டீச்சர்?"

"சரிங்க."

உள்ளே போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். கட்டுக்கட, கட்டு, கட்டுக்கட. அதில் எது என் தம்பியின் பெயர் என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவர் நகரும்மா என்றார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருப்பார்கள். சத்தம் ஓயும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.