பந்து ரூம் வேண்டாம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இருந்தவர்கள்: சுவரோரமாக, பஸ் டிரைவரான என் தம்பி, மேசைக்காலில் முட்டியை இடித்துக்கொண்டு. அவனுக்கு எதிரே அவன் மனைவி, அடுப்படிக்கு எழுந்து போக வசதியாக. ஜன்னல் பக்கம், காலை ஆட்டினாலும் யாரையும் உதைக்க முடியாத இடத்தில், அவர்களுடைய மகன் வாண்டு, ஏழு வயது. மேசையின் ஒரு முனையில் அவனுடைய அக்கா. ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவள். தட்டும் டம்ளரும் கரண்டியும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தால்தான் உட்காருவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். மறுமுனையில், இந்த வீட்டிலேயே ஆடாத ஒரே நாற்காலியில், மேஸ்திரியின் வகுப்பு டீச்சர். டீச்சருக்குப் பக்கத்தில் முக்காலியில் நான், குழந்தைகளுக்கு அத்தை.

டீச்சரைச் சாப்பிட அழைத்தது நான்தான். அந்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. மேஸ்திரி சாப்பிடும்போது ஓயாமல் 'ம்ம்ம்' என்று சத்தமெழுப்புகிறாள், மற்ற பிள்ளைகளும் அவளைப் போலச் செய்து சிரிக்கிறார்கள், சாப்பாட்டு ஒழுங்கு கெடுகிறது. ஆகவே அடுத்த மாதம் முதல் அவள் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில் தனியாகச் சாப்பிடுவாள். பெற்றோருக்கு ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம்.

தம்பி தாளைக் கசக்கப் போனான். "சாமான் ரூம்ல போடறதுக்கு எம் பொண்ணு என்ன உடைஞ்ச பெஞ்சா?"

"கத்தாதீங்க. தனியா இருந்தா அவளுக்கும் நிம்மதியோ என்னமோ," என்றாள் அவன் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுதினால், முதலில் ஆளை அனுப்பிக் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்வோம். பிறகுதான் பேனாவை எடுப்போம். வீட்டில் மேஸ்திரி அப்படிச் சத்தம் போடுவது அபூர்வம். அதை டீச்சரே வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

விருந்தாளி வருகிறார் அல்லவா, வீட்டை மரியாதையாக வைக்க வேண்டாமா? எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை நிறுத்தினேன். அடுப்படி ஜன்னலில் லொடலொடவென்று அடித்துக்கொள்ளும் விசிறியையும் நிறுத்தினேன். சாப்பிடும்போது ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

"தும்மல் வந்தா?" என்றான் வாண்டு.

"வெளிய போய்த் தும்மு."

"தும்மிட்டுத் திரும்பி வரலாமா அத்தை, இல்ல அப்படியே போயிடணுமா?"

டீச்சர் வந்தார். சூப், ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு. எல்லாரும் தலைகுனிந்து, பரீட்சை எழுதுவதுபோல் சாப்பிட ஆரம்பித்தோம்.

அப்போதுதான் எனக்கே கேட்டது, இந்த வீட்டில் மனிதர்கள் எப்படி மெல்கிறார்கள் என்று. தம்பியின் தாடை ஒவ்வொரு வாய்க்கும் 'டக்' என்றது. வாண்டு உருளைக்கிழங்கைச் சப்புக்கொட்டித் தின்றான். டீச்சர் சூப்பை உறிஞ்சிய சத்தம் சுவர் வரை போய்த் திரும்பியது. மேசையின் முனையில் மேஸ்திரியின் தோள்கள் மெல்ல மெல்லக் காதுவரை உயர்ந்தன. பிறகு தொடங்கியது: 'ம்ம்ம்ம்ம்.'

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, இரக்கம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மேஸ்திரி, கண்ணா, சத்தம் வேண்டாம்மா," என்றான் தம்பி, 'டக்'குக்கு நடுவில். சத்தம் கூடியது. கையால் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா எழப் போனாள். அதற்குள் மேஸ்திரியே நாற்காலியை விட்டு இறங்கினாள், அடுப்படிக்குப் போனாள், விசிறியின் சுவிட்சைத் தட்டினாள். லொடலொட. திரும்பி வந்து, கரண்டியைத் தட்டுக்கு நேராக வைத்துச் சரிபார்த்து, சாப்பிடத் தொடங்கினாள். 'ம்ம்ம்' நின்றுவிட்டது.

"எதுக்குடா எழுந்து போன?" என்றாள் அம்மா.

"மெல்ற சத்தம்."

"யாரு மெல்றது?"

மேஸ்திரி ஒளிவுமறைவு தெரியாதவள். கரண்டியால் வரிசையாகக் காட்டினாள். "அப்பா டக்கு டக்கு. வாண்டு சப்பு சப்பு. டீச்சர் சூப்பு, சர்ருனு."

டீச்சரின் கரண்டி பாதி வழியில் நின்றது. மேஸ்திரியின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பாடா, நான் மட்டும் இல்ல! டீச்சரும்தான்!" என்று கூவினான் வாண்டு.

டீச்சர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷமா சொல்றதை நீ ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டியே." பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. "இந்த டெர்ம்லதான் ஸ்கூல்ல மௌனச் சாப்பாடுன்னு கொண்டுவந்தோம். யாரும் பேசக் கூடாது. அதுக்கு முன்னால இவ இந்த மாதிரி பண்ணதா எனக்கு ஞாபகமே இல்லையே."

"முன்னால எப்படி இருக்கும்?" என்றேன்.

"சந்தைக்கடைதான். காது கிழியும்."

"அப்போ யாரு மெல்றாங்கன்னு தெரியாது," என்றாள் மேஸ்திரி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

இரைச்சலைத் தாங்காத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அந்த மௌனம் வரமாகக்கூட இருக்கும். எங்கள் மேஸ்திரிக்கு இரைச்சல் ஒரு போர்வை. மரியாதை என்று நினைத்து நானே அதை உருவிவிட்டு அவளை உட்காரவைத்திருந்தேன். பள்ளியிலும் அதேதான் செய்திருக்கிறார்கள்.

போகும்போது டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார். "மௌனச் சாப்பாடு ஹெட்மாஸ்டரோட யோசனை. நான் வாயால சொன்னா எடுபடாது. நீங்க எழுதுங்க. கேட்டா, நான் பார்த்ததை மறைக்க மாட்டேன்."

மேசையைத் துடைத்துத் தாளை விரித்தேன். தம்பி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். "பேப்பர்ல போட்டு நாறடிச்சுடுவோம்னு எழுதுக்கா."

"மிரட்டலுக்குன்னு எங்க ஆபீஸ்ல தனி ஃபைலே இருக்குடா. அதை எவனும் தொறக்கறதில்ல."

"இனிமே அவ சத்தமே போட மாட்டான்னு எழுதிடுங்க அண்ணி. அவங்களுக்கு அதுதானே வேணும்," என்றாள் அவன் மனைவி.

அந்த நேரத்தில் மேஸ்திரி மிச்சமிருந்த உருளைக்கிழங்கை வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தாள். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவளிடமிருந்து 'ம்ம்' என்று வந்தது. தாழ்ந்த, குட்டையான சத்தம். தோள்கள் இறங்கியே இருந்தன. நாங்கள் மூவரும் கேட்டோம்.

"இது வேற. ருசிக்கு வர்றது," என்றாள் அவள் அம்மா மெதுவாக.

"அப்ப சத்தமே போட மாட்டான்னு நான் எப்படி எழுதறது?" என்றேன்.

"அப்படி எழுதலைன்னா ஒத்துக்க மாட்டாங்களே அண்ணி!"

"ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு எழுதுவேன். அதுக்கும் ஒத்துக்கலைன்னா நேர்ல போய் உக்காருவேன். எனக்குத் தொழிலே இதுதானேம்மா."

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். "மேஸ்திரி, உனக்கு ஸ்கூல்ல எங்க சாப்பிடணும்?"

அவள் உடனே பதில் சொல்கிறவள் அல்ல. என் பேனா மூடியை எடுத்துத் தாளின் ஓரத்துக்கு நேராக வைத்தாள். வாண்டு வாயைத் திறந்தான். தம்பி அவன் வாயைப் பொத்தினான். காத்திருந்தோம்.

"பந்து ரூம் வேண்டாம். ரப்பர் நாத்தம். ஜன்னல் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "பெரிய மேசை. முனை சீட். பக்கத்துல பேசற புள்ள."

"தனியா சாப்பிட்டா உனக்கு நிம்மதியா இருக்காதா கண்ணு?" என்றாள் அம்மா.

"தனியா சாப்பிட்டா தனியா இருக்கும்."

அவள் அம்மா எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்தபோது, "எழுதுங்க அண்ணி. சத்தம் வரும்னே எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். தனியறைக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்பதை முதல் வரியாக வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் பலர் முதல் வரியைத் தாண்டுவதில்லை. மெல்லும் சத்தம் தாங்காமல்தான் அவள் முனகுகிறாள் என்பதை அடுத்துச் சொன்னேன். பிள்ளைகள் தணிந்த குரலில் பேசிச் சாப்பிட அனுமதிக்க வேண்டும், அமைதி தேவைப்படும் பிள்ளைகளுக்கு வேறொரு மேசை போடலாம், எந்தப் பிள்ளை எந்த மேசை என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். மேஸ்திரி சொன்னதை ஒரு சொல்கூடத் திருத்தாமல் மேற்கோள் குறிக்குள் எழுதினேன். பிடித்த உணவுக்கு அவள் முனகுவாள், அதை நிறுத்துவதாக உறுதி தர முடியாது என்றும் எழுதினேன். வாயை மூடி மெல்லும் பழக்கத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தரும்படி கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் அதை அவள் அப்பாவிலிருந்து தொடங்குகிறோம் என்று முடித்தேன்.

"இது தேவையா?" என்றான் தம்பி. கையெழுத்துப் போட்டான். அவன் மனைவியும் போட்டாள், அவனைவிட அழுத்தமாக.

உறையின் பசை விரலில் பட்டால் மேஸ்திரிக்கு ஆகாது. ஆனால் ஒட்டுவதை வேறு யாருக்கும் விடவில்லை. கரண்டியின் முதுகால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேய்த்து அழுத்தினாள். ஸ்டாம்பையும் அவளே சாமணத்தால் கவ்வி எடுத்து நேராக ஒட்டினாள்.

தெருமுனைத் தபால் பெட்டிக்கு எல்லாருமே போனோம். "நான்தான் போடுவேன்," என்று வாண்டு குதித்தான். "மூடியை நீ தூக்கு," என்றாள் மேஸ்திரி. அவன் தூக்கினான். அவள் உறையை உள்ளே தள்ளிவிட்டுப் பெட்டியில் காதை வைத்தாள்.

"விழுந்துடுச்சு," என்றாள்.