ஆடி கழிச்சு தர்றேன்னு சொன்ன அட்வான்ஸ்

“காசு அப்புறம் இருக்கட்டும் சார். வீடு இல்லன்னு ஏன் சொன்னாங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று படாளத்தில் ரயில் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள். செங்கல்பட்டில் வண்டி மாறும்போது மறுபடியும் சொன்னாள். “குட்த்த காசக் கேளு. குட்த்தான்னா வாங்கிக்கினு வந்துனே இரு. ஏன், எதுக்குன்னு நோண்டிகினு நிக்காத ஜெசி.” சரி சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுத் தரகர் வரதன் டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடை. முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்ததன் மிச்சமாக ஒரு பாதிப் பலகை இன்னும் தொங்குகிறது. உள்ளே ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெருமாள் படம் போட்ட காலண்டர். அவர் நெற்றியில் பளிச்சென்று நாமம். வேர்வையில்கூட அது கலைந்து நான் பார்த்ததில்லை.

“மேடம், அதான் போன்லயே சொன்னேனே. டீச்சரம்மாவோட சொந்தக்காரங்க யாரோ குடி வர்றாங்களாம்.”

“நேத்து அந்தப் பக்கமா போனேன். டு-லெட் போர்டு அப்படியே தொங்குது.”

“வரப்போறாங்க.”

“எப்ப? ஆடி கழிச்சா?”

அவர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் ஷிப்ட் முடித்துப் படுத்து, சரியாகத் தூங்காமல் எழுந்து வந்திருந்தேன். இந்தக் கடைக்கு வருவதே ஒரு தனி ஷிப்ட் போல ஆகிவிட்டது. முதல் தடவை வந்தபோது வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை கையிலிருந்து காசு போகக் கூடாது என்றார். அடுத்த தடவை அமாவாசை. அதற்கடுத்து மனை காட்ட மாமல்லபுரம் போய்விட்டதாகப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். பிறகு ஆடி பிறந்துவிட்டது. “ஆடில காசு வெளிய போவாது மேடம். ஆவணி பொறக்கட்டும், மொத வேல உங்களுதுதான்.” அட்வான்ஸ் வாங்கிக்கொள்ள மட்டும் அவருக்கு எல்லா நாளும் நல்ல நாள்.

அந்தக் காசு அம்மாவுடையது. சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தாள். நடவுக்குப் போய்ப் போய்ச் சேர்த்துக் கட்டிய சீட்டு. மறைமலைநகரில் ஒரு மருந்து கம்பெனி லேபில் எனக்கு வேலை. எங்கள் தெருவில் பி.எஸ்சி. முடித்த முதல் ஆள் நான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிடுவான். அங்கிருந்து வயல் ஓரமாக இருட்டில் நடக்க வேண்டும். அம்மா டார்ச் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே வந்து நிற்பாள். பகலெல்லாம் குனிந்து நட்ட முதுகோடு அங்கே அவள் நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் கூடுவாஞ்சேரியில் வீடு தேட ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வீடு என்றால், அது அவளுக்கும் வீடு. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

சௌந்தரவல்லி டீச்சர் வீட்டின் பின்பக்கப் போர்ஷன். ஒரு ஹால், சமையலறை, பின்னால் கிணறு. டீச்சர் ரிட்டயர் ஆனவர். என்ன படிப்பு, எந்த கம்பெனி, எத்தனை மணிக்கு வருவே என்று மட்டும் கேட்டார். “படிச்ச பொண்ணு. அது போதும் எனக்கு” என்று வரதனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸை வரதனிடம் கொடுத்துவிட்டோம். திரும்பி வரும்போது ரயிலில் அம்மா வாயே திறக்கவில்லை. வீடு பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

“சொல்லுங்க சார். என்ன காரணம்?”

“சொன்னா கோச்சுக்குவீங்க.”

“கோவத்தோடதான் வந்திருக்கேன். புதுசா ஒண்ணும் வராது.”

வரதன் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மா வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டதற்கு, “காத்தாட குந்திக்கினு கீறேன், நீ போயி பேசு” என்றுவிட்டாள். வரதனைப் பார்த்து, “நைனா, கொஞ்சம் பாத்து முட்ச்சி வுடு” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, குரலை இறக்கினார்.

“அன்னிக்கு ஒங்கம்மா செருப்ப எங்க வுட்டாங்க, ஞாபகம் கீதா?”

எனக்கு முதலில் புரியவில்லை. நான் என் செருப்பை வராண்டாப் படியில் கழற்றிவிட்டேன். அம்மா?

“கேட்டுக்கு வெளிய, தெருவுல. கால்வா ஓரமா ஒதுக்கி வுட்டுட்டு, வெறுங்கால்ல உள்ள வந்தாங்க. வெயில்ல தரை கொதிக்கிது. டீச்சர் ஜன்னல் வழியா பாத்துகினுதான் இருந்தாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “அப்பறம் தண்ணி குட்த்தாங்கல்ல, குட்ச்சிட்டு நேரா கொழாவாண்ட போயி டம்ளரக் கழுவி, தொவைக்கிற கல்லு மேல கவுத்து வெச்சாங்க. யாரு சொன்னது அவங்களுக்கு?”

யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அம்மா செய்வாள். மேலத்தெரு வீடுகளில் வேலைக்குப் போய்ப் பழகிய உடம்பு அது. அதன் எதிரே நான் மூன்று வருடம் செங்கல்பட்டில் படித்த கெமிஸ்ட்ரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் வராண்டாவில் நின்று மோட்டார் ஓடுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“டீச்சர் ஒரு வார்த்த தப்பா பேசல. ‘வேண்டாம் வரதன், வேற பாருங்கோ’ன்னாங்க, அவ்ளோதான். யாரும் வாயத் தொறந்து கேக்க மாட்டாங்கம்மா. பாத்துக்குவாங்க.”

அவர் வாயில் ‘மேடம்’ போய் ‘அம்மா’ வந்துவிட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

வரதன் டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

“காசு எதுக்கு இப்போ? அத அப்பிடியே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். டீச்சர் வூட்ட வுட சூப்பர் வூடு. மாடிப் போர்ஷன், ஸ்டேஷன்லேந்து கூப்புடு தூரம். ஓனர் கல்பாக்கத்துல வேல பாக்கறாரு, ஒண்ணாந்தேதி வாடகைக்குத்தான் வருவாரு. ஒரே ஒரு விஷயம்.”

“என்ன?”

“இந்த வாட்டி அம்மாவக் கூட்டினு வராத. பால் காச்சறதுக்கும் வேணாம். ஊரு கேட்டா படாளம்னு சொல்லாத, செங்கல்பட்டு டவுன்னு சொல்லு. ஜெசிந்தான்னு பேரு கீது, கிறிஸ்டின்னு நெனச்சுக்குவாங்க, எந்த ஜனம்னு தெரியாது. ஒரு வருசம் போவட்டும். அப்பறமா அம்மா வந்தா, ஊர்லேந்து ஒடம்பு சரியில்லாம வந்துகீறாங்கன்னு சொல்லிக்கலாம்.”

“நீங்களே எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கீங்க.”

“நான் யோசிக்கலம்மா. நான் செஞ்சது.” தன் நெற்றியை ஒரு விரலால் தொடாமல் தொட்டுக் காட்டினார். “நானும் நம்மாளுதான். கருங்குழி பக்கம். கட போட்ட நாள்லேந்து இத இட்டுக்கினுதான் உக்காந்துகினு கீறேன். இந்த லைன்ல யாருக்கும் தெரியாது. ஒனக்குச் சொல்றேன்னா, நீ நல்லா படிச்ச பொண்ணு, பேஜாராயி நிக்கிற, அதான்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. தொழிலில் கைவந்த ஒரு வேலையைப் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முகம். கொஞ்சம் அன்பாகக்கூட இருந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் தாங்கவில்லை.

“உங்கம்மா இருக்காங்களா?”

“கீது. கருங்குழிலதான்.”

“இங்க வருவாங்களா?”

“நான் போயி பாத்துட்டு வருவேன். மாசா மாசம் போவேன். அதுக்கு ஒரு கொறயும் வெக்கல.”

“கடைக்கு?”

“கடைக்கு எதுக்கு?”

“வீட்டுக்கு?”

அவர் ஃபேனை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினார். அது ஏற்கெனவே அவர் பக்கம்தான் இருந்தது.

வெளியே அம்மா இருமினாள். இருபது வருடம் கழித்து இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மாசா மாசம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ நான் சொல்வது போல இருந்தது. சாவியை எடுத்தேன். வரதன் முகம் தெளிந்தது. சாவியைத் திருப்பி அவர் பக்கமே வைத்தேன்.

“காசு குடுங்க சார்.”

“மாடிப் போர்ஷன்மா. இதுபோல அமையாது.”

“காசு.”

“கமிஷன்னு ஒண்ணு கீதுல்ல? அலைஞ்சதுக்கு, போன் பண்ணதுக்கு. பாதி வாங்கிக்க. மீதி ஆவணில…”

அப்போது வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் வந்து நின்றார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல இருந்தார்கள். அம்மா படியில் ஒதுங்கி வழிவிட்டாள். “வரதன் சார் இருக்காரா? உப்பிலி மாமா அனுப்பினார். அவராத்துக்குப் பக்கத்துலயே ஏதாவது போர்ஷன் இருக்குமான்னு…” என்று அந்த ஆண் இழுத்தார்.

“வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ” என்று வரதன் எழுந்தார். அவர் பேச்சே மாறிப்போனது. உட்காரப் போனவர் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு முன் என்னிடம் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நெற்றியில் வேர்த்தது. டிராயரைத் திறந்தார். கமிஷனும் இல்லை, ஆவணியும் இல்லை. முழுக் காசையும் எண்ணாமல் எடுத்து என் கையில் வைத்தார்.

“மேடம், கணக்கு சரியாயிடுச்சு. போயிட்டு வாங்கோ.”

“ஆடில காசு வெளிய போவாதுன்னீங்க.”

அவர் வந்தவர்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். நான் யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவும் இல்லை. பயப்படட்டும். அம்மாவின் காசை மாதக்கணக்கில் வைத்திருந்ததற்கு அந்த அளவாவது பயப்படலாம்.

எழுந்தேன். வந்தவர்களில் அந்தப் பெண் எனக்கு வழிவிட்டுச் சிநேகமாகச் சிரித்தாள். எனக்குத் திருப்பிச் சிரிக்கத் தெம்பில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் பகல் ஷிப்ட் கேட்க வேண்டும். இரண்டாம் ஷிப்ட்டுக்குத் தரும் படிக்காசு போய்விடும், சம்பளம் குறையும். அம்மா உள்ளே வந்து உட்காருகிற மாதிரி ஒரு வீடு கிடைக்கிறவரை படாளத்திலிருந்தே ரயிலில் வந்து போக வேண்டியதுதான். கிடைக்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. சாவியைத் திருப்பி வைத்தபோதே இதெல்லாம் முடிவாகிவிட்டது. மனசு இப்போதுதான் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது.

அம்மா படியிலிருந்து நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். அவள் செருப்பு இங்கேயும் தெருவில்தான் கிடந்தது, சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம். நான் படி இறங்கிப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலிலேயே அவள் காலடியில் போட்டேன். “போட்டுக்க. வண்டிக்கு நேரமாவுது” என்றுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.